வெளிச்சம் பிடித்தவர்

"இன்னும் கொஞ்சம் மேல, மாமா. அவ்ளோதான். அசையாதீங்க."

கறுப்பு வெல்வெட் துணியின் மேல் நீல மணித் தோடு ஒன்று கிடந்தது. மருமகள் தரையில் முழங்காலிட்டு, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைக் கேமராவில் வைத்திருந்தாள். கட்டிலில் தலையணைகளில் சாய்ந்திருந்த மாமனார் வலது கையிலிருந்த வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைச் சற்று உயர்த்தினார். ஜன்னல் வெளிச்சம் அட்டையில் பட்டுத் திரும்பி, தோட்டின் இருண்ட பக்கத்தில் போய் விழுந்தது.

"ரைட்," என்றார்.

அவள் பட்டனை அழுத்தினாள். இன்னொன்று எடுக்கலாம் என்று மூச்சைப் பிடித்தபோது தோடு மங்கியது. மேகம் மறைக்கிறது என்று நினைத்தாள்.

"கை வலிக்குதா மாமா? கீழ வச்சிருங்க."

நிமிர்ந்து பார்த்தாள். அட்டை அவர் மடியில் கவிழ்ந்திருந்தது. தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. பக்கவாதம் கோணலாக்கிய வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் விரல்களை அவர் மூக்கருகே வைத்துப் பார்த்தாள். பிறகு தோளை அசைத்தாள். பிறகு மறுபடி விரல்களை வைத்தாள்.

ஏ.சி. மெக்கானிக்கான கணவன் அப்போது எவர் வீட்டு மொட்டை மாடியிலோ வேலையாக இருந்தான். ஃபோனில் அவள் "ஏங்க, மாமா..." என்று ஆரம்பித்ததுமே அந்தப் பக்கம் ஸ்பானர் கீழே விழும் சத்தம் கேட்டது.

"வரேன்," என்றான்.

தெருமுனை கிளினிக் டாக்டருக்கும் சொல்லிவிட்டு அவள் செய்த முதல் வேலை, கேமராவை ஒளித்ததுதான். வெல்வெட் துணியைத் தோட்டோடு சேர்த்துச் சுருட்டினாள். மணிகளும் கம்பிகளும் இருந்த டப்பாவை அலமாரிக்குள் திணித்தாள். தெர்மாகோலை அவர் மடியிலிருந்து எடுக்கும்போது அவர் விரல்கள் இன்னும் சூடாகத்தான் இருந்தன. அட்டையை பீரோவுக்குப் பின்னால் சொருகினாள். செய்து முடித்த பிறகுதான், தான் ஏதோ திருடியவள் போல நடந்துகொண்டது உறைத்தது.

டாக்டர் வந்து பார்த்தார். "கஷ்டப்பட்ட மாதிரி தெரியல. பக்கத்துல யாரு இருந்தது?"

"நான்தான் சார்."

"என்ன பண்ணிட்டிருந்தார்?"

"சும்மா... உக்காந்திருந்தாரு."

சொல்லிவிட்டு பீரோ பக்கம் பார்க்காமல் நின்றாள்.

அவளுக்குப் பயம் நாத்தனாரை நினைத்துத்தான். கணவனின் அக்கா, கூரியர் ஆபீஸ் ஒன்றில் மேலாளர். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவள். போன தடவை வந்தபோது ஜன்னலில் கட்டியிருந்த வெள்ளைத் துப்பட்டாவையும் தரையில் பரப்பியிருந்த வளையல்களையும் பார்த்து, "அப்பா ரூமை ஸ்டுடியோ ஆக்கிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனாலும் அது நெஞ்சில் தைத்திருந்தது.

வேறெங்கே போவாள்? வீட்டில் நல்ல வெளிச்சம் வரும் அறை அது ஒன்றுதான். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு மாமனாருக்கு உணவு ஊட்டவும் துணி மாற்றவும் என்று உட்கார்ந்த பிறகு, அந்த அறையை விட்டு அவளால் நகரவும் முடியவில்லை. கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் சித்தப்பா மகன் தன் பழைய கேமராவைக் கொடுத்தான். அவளே மணி கோத்தாள், கம்பி வளைத்தாள், தோடு செய்தாள், படம் எடுத்தாள். "விக்கிறியா?" என்று கேட்டவர்களிடம் இல்லை என்றாள். "அப்புறம் எதுக்கு?" என்றவர்களிடம் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. கோத்த மணி ஒன்றின் உள்ளே வெளிச்சம் சரியாக இறங்கி உட்காரும்போது, அன்றைய பொழுதுக்கு அது போதும் என்று தோன்றும். அவ்வளவுதான்.

மாமனார் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஊரையே அதட்டிய குரல். பக்கவாதம் வந்து பேச்சு போனபோது, எல்லாச் சொற்களையும் இறக்கி விட்டுவிட்டு இரண்டை மட்டும் வைத்துக்கொண்டார்: 'ரைட்', 'ஹோல்டான்'. பசி என்றால் ரைட். போதும் என்றால் ஹோல்டான். கோபம் என்றால் இரண்டும்.

ஒரு நாள் கட்டில் கம்பியில் சாய்த்து வைத்த தெர்மாகோல் வழுக்கி வழுக்கி விழுந்துகொண்டே இருந்தது. அவள் எழுந்து எழுந்து வைத்தாள். பொறுமையிழந்த பெரியவர் "ஹோல்டான்!" என்று கத்திவிட்டு, நல்ல கையால் அதைப் பிடித்து நிறுத்தினார். படம் அழகாக வந்தது. காட்டினாள். வெகு நேரம் பார்த்தார். மறுநாள் வெயில் ஜன்னலுக்கு வந்ததும் கரண்டியால் கட்டில் கம்பியைத் தட்டிக் கூப்பிட்டார். அதிலிருந்து அது இருவருக்குமான வேலையானது. எங்கே பிடித்தால் நிழல் போகும் என்று அவரே கண்டுபிடிக்கத் தொடங்கினார். சரியாக அமைந்தால் மட்டும் 'ரைட்'. அவர் சொல்லாமல் அவள் அழுத்தியதில்லை.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. படுத்த மனுஷனை வேலை வாங்குகிறாள் என்று ஆகிவிடும்.

கணவன் வந்து அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதான். அழுது முடித்ததும் ஒரு பெருமூச்சு விட்டு, பாரம் இறங்கியவன் போல முதுகை நிமிர்த்தினான்; முதுகில் நெட்டி முறிந்தது. அவள் பார்த்ததைக் கவனித்துத் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

மதியம் நாத்தனார் வந்தாள். அப்பாவின் முகத்தைத் துடைத்தாள், தலை சீவினாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. வந்திருந்தவர்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருக்கையில் அறைக் கதவைச் சாத்திவிட்டு தம்பி மனைவியைப் பார்த்துத் திரும்பினாள்.

"எப்படிப் போனாரு? மறைக்காம சொல்லு."

"நான்... படம் எடுத்துக்கிட்டிருந்தேன், அண்ணி."

"என்ன படம்?"

"தோடு."

இனி நிறுத்த முடியாது என்று அவள் மீதியையும் கொட்டினாள். "மாமாதான் அட்டை பிடிச்சாரு. நானாக் கேக்கல அண்ணி, முதல்ல அவராதான் பிடிச்சாரு. அப்புறம் தினமும். இன்னைக்கும் 'ரைட்'னாரு. நான் எடுத்தேன். அடுத்தது எடுக்கறதுக்குள்ள..." பீரோவுக்குப் பின்னாலிருந்து அட்டையை இழுத்துக் காட்டினாள். அதன் ஓரத்தில், தினமும் அழுத்திய இடத்தில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

நாத்தனார் அந்தப் பள்ளத்தையே பார்த்தாள்.

"யாரு? எங்கப்பாவா பிடிச்சாரு?"

"ஆமா."

"அம்மா பல்பு மாட்ட ஸ்டூல் மேல ஏறி, கொஞ்சம் பிடிச்சுக்கங்கன்னு கெஞ்சுவாங்க. அதைக்கூடப் பிடிக்க மாட்டாரே இந்த மனுஷன்! 'நான் என்ன உனக்குக் கிளீனரா'ம்பாரு!"

சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. வெளியே கேட்டுவிடும் என்று வாயைப் பொத்தினாள். தோள்கள் குலுங்கின. குலுங்கிக்கொண்டே கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். எந்த இடத்தில் சிரிப்பு நின்று அழுகை வந்தது என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உன் நம்பர்லேருந்து ஃபோன் வந்தாலே எடுக்க எனக்குப் பயமா இருக்கும்," என்றாள். "தனியாக் கெடந்து, கூப்பிட வாயில்லாம, கட்டில்லேருந்து விழுந்து... இப்படித்தான் ஆகப்போகுதுன்னு நெனச்சு நெனச்சு ராத்திரி முழிச்சிருக்கேன். நெனச்சதெல்லாம் நடக்கலையே. அந்தப் படத்தைக் காட்டு."

காட்டினாள். படத்தில் பெரியவர் இல்லை. நீலத் தோடு மட்டும், எந்தப் பக்கமும் இருட்டில்லாமல்.

"நல்லா வந்திருக்கு," என்றாள் நாத்தனார். "எதுக்கு இதையெல்லாம் ஒளிச்சு வச்சே?"

"நீங்க திட்டுவீங்கன்னு."

"திட்டுவேன்தான். அது என் வாய். அதுக்காக நீ பயப்படுவியா?"

அன்று மாலையே எல்லாம் முடிந்தது. வந்தவர்கள் மறுநாள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். மதியம் வீட்டில் மூன்று பேர் மட்டும் மிஞ்சினார்கள். சாப்பிட்டதும் நாத்தனார் அப்பாவின் அறையில் வெறுந்தரையில் படுத்துத் தூங்கிப்போனாள். கணவன் கூடத்தில் பாய் விரித்துக் குப்புற விழுந்தான்.

அவள் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவனுடைய ஃபோனில் அலாரம் அடித்தது. படுக்கைப் புண் வராமலிருக்க அப்பாவைத் திருப்பிப் படுக்க வைப்பதற்கான அலாரம்; வீட்டில் இருக்கும் நேரங்களில் அதை அவன்தான் செய்வான். அணைக்க யாருக்கும் நினைவில்லை. அவள் ஈரக் கையோடு ஓடி வருவதற்குள் அவன் பாதிக் கண்ணை மூடியபடியே எழுந்து அறைக்குள் போயிருந்தான்.

அவள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அவன் காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு குனிந்தான். கட்டிலில் இருந்த தலையணையை எடுத்து, ஒரு கையால் அக்காவின் தலையைத் தூக்கி, மறு கையால் அதை அடியில் நகர்த்தினான். பழகிய கை. அக்கா விழிக்கவில்லை.

திரும்பி வந்து பாயில் படுத்தான். சற்று நேரத்தில் குறட்டை கேட்டது.