ஒரு கிளாஸ் தேநீருக்கு இரண்டு சத்தியம்

1

இந்தக் கதை நல்ல எண்ணத்தில் பிறக்கவில்லை. நான் ஓட்டுப் போட்டவர்கள் மாகாண சபையிலும் தோற்றார்கள், நாடாளுமன்றத்திலும் தோற்றார்கள். யாரையாவது திட்டி எழுதினால்தான் சோறு இறங்கும் என்று உட்கார்ந்தேன். முதல் வரி:

‘அந்த வியாழக்கிழமை எங்கள் ஊரே இருண்டு

இருளவில்லை. செப்டம்பர் வெயில் சுள்ளென்று அடித்தது. மலைச்சரிவில் ஆடுகள் வழக்கம்போல மேய்ந்தன. பொய்யில் தொடங்கினால் அல்லாஹ் பேனாவைப் பிடுங்கிக்கொள்வான் என்ற பயம் எனக்கு உண்டு. அதனால் அந்த வரியைக் கைவிட்டு, என்னைவிட அதிகமாகத் தோற்றுப்போன ஒருவனைத் தேடினேன். தேட வேண்டியிருக்கவில்லை. பூஷ்தா எங்கள் தெருவிலேயே இருந்தான்.

2

பூஷ்தா கம்பளி மெத்தை தைப்பவன். அவன் கடைக்கும் ஜிலாலியின் மளிகைக் கடைக்கும் நடுவே ஒரே சுவர். காலை பத்து மணிக்கு ஜிலாலி புதினாத் தேநீர் போட்டு, கரண்டியால் அந்தச் சுவரில் மூன்று தட்டு தட்டுவான். பூஷ்தா ஊசியைச் சட்டையில் குத்திவிட்டுப் போவான். இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான்.

பூஷ்தா இரண்டு ஓட்டையும் ஏணிச் சின்னத்துக்கே போட்டான். ஏணிக் கட்சியின் வேட்பாளர் டீச்சர் மஹ்ஜூபா, ஊருக்குப் பிரசவ வார்டு கொண்டுவருவேன் என்று சொல்லியிருந்தார். போன குளிர்காலத்தில் பூஷ்தாவின் மகள், நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் டாக்ஸிக்குள்ளேயே பிள்ளை பெற்றாள். இருவரும் பிழைத்தது இறைவன் கருணை. ஜிலாலியோ குடைச் சின்னம்.

தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு, ஜிலாலி கடையில் நாலு பேர் இருக்கும்போது பேச்சு முற்றியது.

“குடைக்காரன் ரோடு போட்டானா இல்லையா? அதச் சொல்லு!” என்றான் ஜிலாலி.

“அந்த ரோட்டுலதான்யா என் மக பிள்ளை பெத்தா.”

“ரோடு இருந்ததால ரோட்டுல பெத்தா. இல்லாட்டி கழுத மேலல்ல பெத்திருப்பா!”

நாலு பேரும் சிரித்தார்கள். பூஷ்தா தேநீர் கிளாஸைத் தட்டில் வைத்தான்.

“வல்லாஹி! ரெண்டு இடத்துலயும் உன் குடை ஜெயிச்சா, இனி உன் டீய இந்த வாயில வைக்க மாட்டேன்.”

[இங்கே ஒரு குறிப்பு. ‘வல்லாஹி’ என்றால் அல்லாஹ் மேல் ஆணை. எங்கள் ஊரில் தக்காளி விற்கவும் சத்தியம், விருந்தாளிக்கு இன்னொரு துண்டு கறி வைக்கவும் சத்தியம். நாக்கின் பழக்கம் என்று அதையெல்லாம் இறைவன் மன்னிப்பான். ஆனால் மனதறிந்து செய்த சத்தியத்தை முறித்தால் பத்து ஏழைகளுக்குச் சோறு போட வேண்டும். முடியாதவன் மூன்று நாள் நோன்பு வைக்க வேண்டும். பூஷ்தா மனதறிந்துதான் சொன்னான். சொன்ன நிமிடமே வருந்தினான் என்று எழுதியிருந்தேன். அது நான் அவனுக்குச் செய்த உதவி, அந்த வரியை அடித்துவிட்டேன். வருந்த அவனுக்கு ஒன்பது நாள் ஆயிற்று.]

3

வியாழக்கிழமை முடிவு வந்தது. மாகாணத்திலும் குடை, நாட்டிலும் குடை.

பூஷ்தா அழுதான் என்று எழுத ஆசைப்பட்டேன். அவன் அழவில்லை. ரேடியோவை நிறுத்திவிட்டுக் கம்பளியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். வார்டு வராது; அடுத்த பெண்ணும் டாக்ஸியில்தான். பத்து மணி ஆயிற்று. சுவர் வழியே புதினா வாசனை வந்தது. தட்டல் வரவில்லை.

பகல் சாப்பாடு கொண்டுவந்த மனைவி ருகியா அவன் முகத்தைப் பார்த்தாள்.

“ஓட்டுக்காக இப்படி இருக்கீங்களா, டீக்காகவா?”

“ரெண்டுக்கும்தான்.”

“பக்கத்துக் கடைதானே? எட்டிப் பாத்துட்டு வாங்க.”

“அவன் ஜெயிச்சிருக்கான்டி. இப்பப் போய் நின்னா, தோத்துட்டு வந்து நிக்கிறான் பாருன்னு சிரிக்க மாட்டானா?”

4

முதல் பிரதியில் ஜிலாலி ஒரு தட்டு மிட்டாயோடு வந்து எகத்தாளம் செய்தான். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். அது என் கோபம் எழுதியது.

நடந்தது இது. ருகியா இருக்கும்போதே ஜிலாலி வந்தான். கையில் தட்டு, அதில் கெண்டி, இரண்டு கிளாஸ். வாசற்படியில் நின்றான்.

“சலாம்.”

“வ அலைக்குமுஸ்ஸலாம். கொண்டு போயிடு ஜிலாலி. நான் சத்தியம் பண்ணிட்டேன்.”

“கேட்டேனே. ஊருக்கே கேட்டுச்சு. இப்ப என்னோடதக் கேளு. வல்லாஹி, நீ ஒரு கிளாஸ் குடிக்காம இந்தப் படிய விட்டு நகர மாட்டேன்!”

பூஷ்தாவின் கையிலிருந்து கம்பளி விழுந்தது.

“அடப் பாவி! என்ன காரியம்டா பண்ணின? நான் குடிச்சா என் சத்தியம் போச்சு, நீ நகந்தா உன் சத்தியம் போச்சு!”

“வாயில வந்துடுச்சுடா. நீ மட்டும்தான் கோவத்துல சத்தியம் பண்ணுவியா?”

“யா ரப்பி, ஒரு தெருவுக்கு ஒரு முட்டாள் போதாதா!” என்று ருகியா தலையில் கை வைத்தாள்.

ஜிலாலி அவள் பக்கம் திரும்பினான். “தங்கச்சி, அன்னிக்கு உங்க மகளச் சொன்னேனே... அந்தப் பேச்சு தப்பு. எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு. குடை ஜெயிச்சுதுன்னு சொன்னாங்க, டீ போட்டேன். சுவத்தத் தட்டக் கை வரல.”

பிறகு பூஷ்தாவைப் பார்த்தான்.

“ஞாயித்துக்கிழமை ஜெயிச்சவரப் பாக்கப் போறேன், வார்டு விஷயமா. பூஷ்தா, நீயும் வர்ற.”

“நான் அவனுக்கு ஓட்டே போடலயே.”

“நான் போட்டேன்ல? நான் கதவத் தட்டுறேன், நீ பேசு. வலி உனக்குத்தானே தெரியும்.”

மூன்று மாதமாக ஒலிபெருக்கியும் சுவரொட்டியும் இறுக்கிக் கட்டியிருந்த ஏதோ ஒரு முடிச்சு, பூஷ்தாவின் நெஞ்சில் அவிழ்ந்தது. தோல்வி அப்படியேதான் இருந்தது. ஆனால் மூச்சு வந்தது.

“தட்டு கனக்குதுடா,” என்றான் ஜிலாலி. “டீ வேற ஆறுது.”

5

அப்போது பாங்கு சொன்னார்கள். தெருவில் நின்று எல்லாம் பார்த்துக்கொண்டிருந்த நான் தொழப் போய்விட்டேன். திரும்பி வரும்போது படியில் யாரும் இல்லை. இரண்டு கிளாஸையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

முடிவு ஒன்று: பூஷ்தா குடித்தான். ஒரு சத்தியத்தைவிட நல்லது ஒன்றைக் கண்டால் நல்லதைச் செய், பிறகு பரிகாரம் செய் என்பதுதான் நம் மார்க்கம். நண்பன் படியில் நிற்கிறான், கிளாஸை எடுத்து

முடிவு இரண்டு: ஜிலாலி இறங்கிப் போனான். நண்பனின் நாக்கைக் காப்பாற்றத் தன் நாக்கைக் கொடுத்து

இரண்டையும் நான் முடிக்கவில்லை. பூஷ்தாவைக் கேட்டால், “உனக்கு வேற வேலையில்ல?” என்கிறான். ஜிலாலியைக் கேட்டால் சர்க்கரை நிறுக்கிறான். ருகியாவிடம் கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மறுநாள் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்துக்குப் பூஷ்தா வீட்டிலிருந்து ஒரு பெரிய தட்டு குஸ்குஸ் என்கிற கோதுமை ரவைச் சோறு வந்தது, பூசணியும் கேரட்டும் போட்டு. அது இறங்குமுன் ஜிலாலி வீட்டிலிருந்து இன்னொன்று வந்தது, வெங்காயமும் திராட்சையும் போட்டு. வாசலில் இருந்த ஏழைகள் சரியாகப் பத்துப் பேர்.

“பரிகாரம்னா ஒரு தட்டு போதுமேப்பா,” என்றார் இமாம். “சத்தியத்த முறிச்சது யாரு?”

“நான்தான்,” என்றான் பூஷ்தா.

“அவன் பொய் சொல்றான், நான்தான்,” என்றான் ஜிலாலி.

இமாம் சிரிப்பை அடக்கித் தாடியைத் தடவினார். பத்துப் பேரும் அதற்குள் ‘பிஸ்மில்லாஹ்’ சொல்லி இரண்டு தட்டிலும் கை வைத்துவிட்டார்கள்.

திட்டி எழுத உட்கார்ந்தவன் நான். இப்போது சோறு இறங்குகிறது. இரண்டு தட்டில் ஒன்றை இறைவன் கேட்கவில்லை. அது எந்த வீட்டுத் தட்டு என்பதை, வாசகரே, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.