புடலைக்குக் கல், குழாய்க்கும் கல்

"அது யாருக்கு வச்சிருந்த குழாய்?" என்று கேட்டார் சண்முகராஜ், ஆபரேஷன் மேஜையில் மல்லாந்து கிடந்தபடி.

"பஞ்சம்மாக்காவுக்கு, சார். நீங்கதான் முந்திக்கிட்டீங்க," என்றாள் தியேட்டர் நர்ஸ் நசீமா.

கம்பத்தில் இருந்த அந்தச் சின்ன நர்சிங் ஹோமுக்கு சண்முகராஜ்தான் மேனேஜர். மயக்கம் கொடுத்ததும் மூச்சுக்காகத் தொண்டைக்குள் இறக்கும் குழாயை ஒரு தடவையோடு எறிவது அநியாயம் என்பது அவர் கட்சி. புதுப்பெட்டியைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். பழையவற்றை ஆள்விட்டுக் கழுவி மொட்டைமாடியில் தொங்கவிட்டார். வளைந்திருக்கிறதே என்று, பந்தல் புடலங்காய் நேராக வளரக் கட்டுவதுபோல ஒவ்வொன்றின் நுனியிலும் கல் கட்டினார். அந்த வளைவு தொண்டைக்கானது என்று நசீமா சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

இன்று முதல் கழுவிய குழாய்தான் என்று உத்தரவு. முதலில் படுக்க வேண்டியவள் மேகமலை எஸ்டேட் பஞ்சம்மாள். அந்த பீரோ சாவியை எப்படிப் பிடுங்குவது என்று நசீமா விடிந்ததிலிருந்து தவித்துக்கொண்டிருந்தபோதுதான், மேனேஜரின் குடல்வால் வீங்கி அவரையே உள்ளே கொண்டுவந்து போட்டது.

"நல்லாத்தானே கழுவுனாக?" சண்முகராஜின் குரல் இறங்கியது.

நசீமா குழாயைத் தட்டின் மேல் தட்டினாள். ஓர் எறும்பு விழுந்தது. சாவகாசமாகச் சுற்றிப் பார்த்தது. பின்னாலேயே அதன் உறவுக்காரர்கள்.

"வெளிய கழுவுனாக, சார். உள்ள இவுக குடியிருக்காக."

"ஆத்தாடி! புதுசு எடு தாயி!"

"சாவி?"

கவுன் மாட்டும்போதும் அவிழ்க்க மறுத்த இடுப்புக் கயிற்றிலிருந்து சாவி வந்தது. "ஒண்ணே ஒண்ணு! எடுத்துட்டுப் பூட்டிரணும்."

நசீமா பறந்துபோய் எடுத்து வந்தாள். அவர் கண்ணெதிரே உறையைப் பிரித்தாள். நுனியில் இருந்த குட்டி பலூனில் காற்றேற்றி, கசிகிறதா என்று பார்த்தாள்.

"அது எதுக்கு?"

"இது ஓட்டையா இருந்தா வயித்துல உள்ளது நுரையீரலுக்குப் போயிரும், சார். அதான் பழசு ஆகாதுன்னேன். பஞ்சம்மாக்காவுக்கும் புதுசு எடுத்துரவா?"

"அவுகளுக்கு... பாப்போம். சாவியைக் குடு மொதல்ல."

"எறும்புக் குழாய நான் யாருக்கும் வைக்க மாட்டேன்," என்றார் தலைமாட்டில் நின்ற மயக்க டாக்டர் இத்ரீஸ். "புதுசு இல்லாட்டி அந்தம்மாவுக்கு இன்னைக்கு ஆபரேஷனே கிடையாது."

பஞ்சம்மாள் வெளியே வெறும் வயிற்றோடு காத்திருந்தாள். திருப்பி அனுப்பினால் மறுபடி அந்த மலைப்பாதை, அதே வலி. நசீமா சாவியை இறுக்கிப் பிடித்தாள். டாக்டர் ஊசியை ஏற்ற ஆரம்பித்தார்.

"சார், சாவி இனிமே தியேட்டர்லயே இருக்கட்டுமா?"

சண்முகராஜ் ஆவேசமாக வாயைத் திறந்தார். சத்தம் வருவதற்குள் கண் செருகியது. தலை ஒருபக்கமாகத் தொங்கியது.

"தலையாட்டிட்டாக, டாக்டர்."

இத்ரீஸ் நோயாளியின் தாடையை நிமிர்த்திக்கொண்டே சொன்னார்: "நானும் பாத்தேன். ரெண்டு தடவை ஆட்டுனாக."