மணி அடிக்காத பதினேழு போன்கள்

“ரெண்டாவது ஷிஃப்ட்டைக் கீழ இறக்காதீங்க,” என்றேன்.

தலைமைப் பொறியாளர் தூராத் காசெனோவிச் திரும்பவில்லை. கண்ணாடி முன்னால் நின்று டை கட்டிக்கொண்டிருந்தார். மூன்று மணிக்குப் புது டெலிபோன் எக்ஸ்சேஞ்சைப் பார்க்கத் தலைநகர் பிஷ்கேக்கிலிருந்து கமிஷன் வருகிறது. அவர்களுக்காக ஆடு வெட்டி, கறி அடுப்பில் கிடக்கிறது. அப்போது மணி ஒன்று இருபது. இரண்டு மணிக்கு நாற்பத்தொரு பேர் சுரங்கத்துக்குள் போகவேண்டும்.

எங்கள் நிலக்கரிச் சுரங்கத்தில் அந்த ஒரு பேச்சை மட்டும் யாரும் பேசுவதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அம்மா சொன்னாள்: “லீவு கேளு, வீடு கேளு, என்ன வேணா கேளு. ஷிஃப்ட்டை நிறுத்தச் சொல்லி மட்டும் கேக்காத புருல்.” அப்பா ஒருமுறை கேட்டார். கேட்ட மறுநாளிலிருந்து ஓய்வு பெறும்வரை மரக்கிடங்கில் கட்டைகளோடு கிடந்தார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். வாயை மூடிக்கொண்டு படி, வாயை மூடிக்கொண்டு வேலை பார் என்பதுதான் எனக்குக் கிடைத்த வரதட்சணை.

“என்ன சொன்ன?” என்றார், இப்போதும் கண்ணாடியைப் பார்த்தபடி.

“கீழ முப்பத்திநாலு போன் இருக்கு. அதுல பதினேழு செத்துக் கிடக்கு. மணியும் அடிக்கல, எடுத்தா சத்தமும் வரல. காலைல ஒவ்வொண்ணா நானே நடந்து போய் எடுத்துப் பாத்தேன்.”

“போன வாரம் எல்லாம் அடிக்குதுன்னு நீதானே சொன்ன, இன்ஜினியரம்மா?”

சொன்னேன். அது என் தப்பு, அதை மறைக்கப் போவதில்லை.

திட்டமே என்னுடையது. எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் என் அம்மாவைவிட வயதானது. அலமாரி அலமாரியாகச் சுவர் முழுக்க நின்று நாள் முழுக்கக் கடகடவென்று பல்லைக் கடிக்கும். அதைத் தூக்கிவிட்டுப் புதியது வைக்கவேண்டும். ஆனால் கீழே இருக்கும் போன்களை மாற்ற முடியாது. அங்கே கேஸ் உண்டு. தீப்பொறி வெளியே வராதபடி வார்ப்பிரும்பில் அடைத்த போன்கள் அவை, ஒவ்வொன்றும் ஓர் ஆட்டுக்குட்டி கனம். அதனால் புது எக்ஸ்சேஞ்சுக்கும் பழைய கம்பிகளுக்கும் நடுவில் ஓர் இடைப்பெட்டி வைத்தால், பழைய போன்கள் அப்படியே பேசும். போன வாரம் அதைத் தற்காலிகமாக மாட்டிச் சோதித்தபோது எனக்குக் கொடுத்தது இரண்டு மணி நேரம். ஒன்று விட்டு ஒன்றாகப் பதினேழு போன்களை எடுத்துப் பார்த்தேன், எல்லாம் பேசின. மீதியை வரைபடத்தை நம்பி விட்டுவிட்டேன்.

இன்று காலை முதல் ஷிஃப்ட்டை நிர்வாகமே ரத்து செய்து, காலிச் சுரங்கத்தில் முழு மாற்றமும் நடந்தது. பழைய அலமாரிகளைக் கழற்றி முற்றத்தில் போட்டாயிற்று. அப்புறம்தான் நான் கீழே இறங்கி, விட்டுப்போன பதினேழையும் எடுத்தேன். ஒன்றிலும் உயிர் இல்லை. மேலே ஏறி வந்து, முப்பது வருஷமாக அந்தக் கம்பிகளைப் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரீஷியன் ஷார்ஷென் பைகேயைப் பிடித்தேன்; பைகே என்றால் எங்களுக்கு அண்ணன். அவர் உதட்டுக்கடியில் புகையிலையை அடக்கிக்கொண்டு, மழை வரும் என்று சொல்வதுபோல் சொன்னார்:

“அதுங்க ஜோடிம்மா.”

“என்ன ஜோடி?”

“சம்பளத்துக்குப் பதிலா மாவு குடுத்த வருஷம் கேபிள் பத்தல. ஒரு கம்பி ஜோடியில பக்கத்துப் பக்கத்து ரெண்டு போன் மாட்டினோம். ஒண்ணு நேரா, ஒண்ணு தலைகீழா. பழைய அலமாரில ஒரு குட்டிப் பெட்டி இருந்துச்சு, அது கரண்டை இப்பிடியும் அப்பிடியும் திருப்பிவிடும். நேரா வந்தா ஒருத்தன் பேசுவான், திரும்பி வந்தா மத்தவன்.”

என் புதுப்பெட்டி கரண்டை ஒரே பக்கமாகத்தான் அனுப்பும். நேராக மாட்டியவை பேசும். தலைகீழாக மாட்டியவற்றுக்குக் காது கேட்காது. போன வாரம் ஒன்று விட்டு ஒன்றாக நான் எடுத்ததெல்லாம் நேரானவை.

“ஏன் பைகே என்கிட்ட சொல்லல?”

“எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன்.”

“வரைபடத்துல ஏன் எழுதல?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது. “எழுதினா கேபிள் எங்கன்னு கேப்பாங்களே கிஸிம்,” என்றார், மகளைக் கூப்பிடுவதுபோல். “காகிதத்துல முப்பத்திநாலு ஜோடியும் போட்டாச்சு.”

அப்படித்தான் எங்கள் ஊரில் வேலை நடக்கும். முதலில் வேலை முடிந்ததாக ‘ஆக்ட்’ என்கிற சான்றுக் காகிதம் எழுதிக் கையெழுத்து. வேலை அப்புறம், கேபிள் மிஞ்சினால். நான் வெளியே படித்துவிட்டு வந்தவள், காகிதத்தைக் கம்பி என்று நம்பினேன். இங்கே பிறந்தவளுக்கு அந்தப் புத்தி இருந்திருக்கவேண்டும்.

இதெல்லாவற்றையும் தூராத் காசெனோவிச்சிடம் சொன்னேன். அவர் டையை முடித்துவிட்டுத் திரும்பினார்.

“சரி. என்ன பண்ணணும்கிற?”

“பழைய எக்ஸ்சேஞ்ச்ல ரெண்டு அலமாரிய மட்டும் திரும்ப நிறுத்தணும். கீழ போற கம்பியெல்லாம் அதுலயே இருக்கட்டும். அதைப் புதுசோட சேத்துடலாம். ஆறு மணி நேரம். ஷார்ஷென் பைகே கம்பிக்கெல்லாம் சீட்டு கட்டி வச்சிருக்காரு.”

“கமிஷன் வந்து நிக்கிற எடத்துல அந்தத் தகர டப்பாவ நிறுத்தச் சொல்ற.”

“ஆமா.”

“நாளைக்கு நிறுத்து.”

“அப்ப ஷிஃப்ட்டையும் நாளைக்கு இறக்குங்க.”

அவர் சிரித்தார். நல்ல சிரிப்புதான், கல்யாண வீட்டுச் சிரிப்பு. “கிஸிம்,” என்றார். அவருக்குக் காரியம் ஆகவேண்டும் என்றால் நான் மகள். “பாதி போன் அடிக்குதுல்ல? ஏதாவதுன்னா பக்கத்துப் போனுக்கு ஓடிப் போவான். காலு இருக்கு.”

“கிழக்குப் பாதையில ஒரு போனுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல நானூறு மீட்டர். கேஸுக்குள்ள நானூறு மீட்டர் நீங்க ஓடிக் காட்டுங்க. நான் மணி பாக்கறேன்.”

சிரிப்பு போயிற்று. மேசையிலிருந்த காகிதத்தை என் பக்கம் தள்ளினார். ஏற்பு ஆக்ட். ‘முப்பத்திநான்கு தொலைபேசிகளும் சோதிக்கப்பட்டு, செயல்படுவது உறுதி செய்யப்பட்டது.’ கீழே என் பெயர், அப்பா பெயரோடு, முழுசாக அச்சாகியிருந்தது. மேலே பேனா.

“போடு. ஜனவரியில தகவல் தொடர்புப் பிரிவுக்கு நீதான் தலைவி. இருபத்தஞ்சு வயசுல இங்க எவனுக்கும் கிடைச்சதில்ல. உங்கம்மா கேன்டீன்ல தட்டு கழுவறத நிறுத்தலாம்.”

“அம்மாவ விடுங்க. அந்தக் கேபிள் ஆக்ட்ல யார் கையெழுத்து?”

அவர் கட்டி முடித்த டையைத் தளர்த்தினார்.

“ஆவண அறைல பாத்துட்டுத்தான் வரேன். அப்ப நீங்க பிரிவுத் தலைவர். ‘முப்பத்திநாலு ஜோடி பதிக்கப்பட்டது.’ அழகான கையெழுத்து உங்களுக்கு.”

“மெரட்டறியா?”

“இல்ல. ஷிஃப்ட்டை நிறுத்தினா ஏன் நிறுத்தினன்னு கேப்பாங்க, கேபிள் எங்கன்னு கேப்பாங்க. அதான் உங்க பயம். புரியுது. ஆனா உங்க பயத்துக்கு நாப்பத்தொரு பேர் ஏன் கீழ போகணும்?”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. “நீ யோக்கியமா? பாதிய சோதிச்சிட்டு முழுசுன்னு சொன்னவதானே. விசாரணைன்னு வந்தா மொதல்ல உன் தலைதான் உருளும். எனக்கு ரெண்டு வருஷத்துல பென்ஷன். உனக்கு இந்தப் பள்ளத்தாக்குல வேற எவன் வேலை குடுப்பான்?”

உண்மைதான். இங்கே சுரங்கம் ஒன்றுதான் இருக்கிறது. அது இல்லையென்றால் சந்தையில் உருளைக்கிழங்கு விற்கலாம், இல்லை ரஷ்யாவுக்குப் போய்த் தரை துடைக்கலாம். ஐந்து வருஷம் விடுதியில் ரொட்டியும் டீயுமாகப் படித்தது அதற்கல்ல. ஆனால் இந்தக் காகிதத்துக்கும் அல்ல.

“உருளட்டும்,” என்றேன். பேனாவை எடுத்தேன். கையெழுத்துப் போடும் இடத்தில் பேசாத போன்களின் எண்களை வரிசையாக எழுதினேன். இடம் போதாமல் ஓரத்துக்கு ஏறி எழுதினேன். அவர் கையை நீட்டித் தடுக்கவில்லை; புது ஆக்ட் அச்சடிக்க அவருக்கு ஐந்து நிமிஷம் போதும், அது எனக்கும் தெரியும்.

ஒன்று நாற்பது. இந்நேரம் ஆட்கள் கூடத்தில் சேர்ந்திருப்பார்கள். இறங்குவதற்கு முன் அன்றைய ஆபத்துகளை ஒருவர் படிக்க, ஆளாளுக்குப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் கூடம். அந்தப் புத்தகத்தில் எவரும் ஆபத்தை எழுதலாம் என்பது சட்டம். எழுதுவதில்லை என்பது வழக்கம். எழுதியதைச் சத்தமாகப் படித்துவிட்டால், கேட்டவன் இறங்க மறுக்கலாம். மறுத்தவனை யாரும் எதுவும் செய்ய முடியாது.

“எங்க போற?” என்றார்.

“படிக்க.”

“புருல். அந்தக் கதவைத் தாண்டினா நாளைக்கு உள்ள வர உனக்குப் பாஸ் இருக்காது.”

பாஸைக் கழுத்திலிருந்து கழற்றி அவருடைய டீக்கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கூடத்துக்கு நடந்தேன்.