முழங்கை மோட்டார்

சனிக்கிழமை காலை மட்டாஞ்சேரி படகுத்துறையில் போட் ஏறும்போதே சுனிதா சண்டைக்குத் தயாராகிவிட்டாள். கைப்பைக்குள் செத்த மோட்டார் ஒன்று கிடந்தது. இஸ்மாயில் பாயை எந்த வார்த்தையில் பிடித்து ஆரம்பிப்பது என்று எர்ணாகுளம் வரை யோசித்துக்கொண்டே போனாள்.

முகமது இஸ்மாயிலின் கடை பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. பொம்மை விமானம் பறக்கவிடும் பணக்காரப் பிள்ளைகளுக்கும், புராஜெக்ட் செய்யும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் உதிரிபாகம் விற்கிற கடை. தீப்பெட்டி அளவே இருக்கும் சர்வோ மோட்டார்கள் இரண்டாயிரத்து எட்டில் அவள் அறிந்தவரை அங்கேதான் கிடைத்தன. சும்மா சுற்றிக்கொண்டிருக்கிற மோட்டார் இல்லை அது. இவ்வளவு திரும்பு என்றால் அவ்வளவு திரும்பி அங்கேயே விறைத்து நிற்கும். நிற்க வேண்டும். சுனிதா வாங்கிப் போன மூன்றும் நிற்கவில்லை.

“மூணாவது, பாய்!” என்று மோட்டாரை மேஜைமேல் எறிந்தாள். “உங்க வாயால நல்ல சரக்குன்னு சொல்லித்தானே குடுத்தீங்க? மூணும் மூணு வாரம் தாங்கல. ஊரை ஏமாத்தறதுக்கு ஒரு போர்டு, ஒரு கடை!”

கடையில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கல்லூரிப் பையன்கள் இருவர் கையிலிருந்த பொருளைத் தட்டிலேயே வைத்துவிட்டு மெல்ல நழுவினார்கள். இஸ்மாயிலுக்கு முகம் சிவந்துவிட்டது. கடையநல்லூரிலிருந்து வந்து பதினெட்டு வருஷமாக யாரிடமும் பேச்சு வாங்காத மனுஷன். நாலு திருகாணியையும் கழற்றி, மூடியைத் திறந்து, உள்ளே இருந்த பல்சக்கரங்களைக் காகிதத்தில் கொட்டினார்.

“கண்ணைத் தொறந்து பாரு. ஒரு பக்கத்துப் பல்லு மட்டும் மொத்தமா ஒடஞ்சிருக்கு. ஓடித் தேஞ்சா இப்படி ஒடையாது. எவனோ கையப் போட்டு முறுக்கியிருக்கான்.”

“எங்க வீட்ல அதை யாரும் தொட மாட்டாங்க!”

“இங்க வாறவனே வெண்டைக்காய் நுனிய ஒடிச்சுப் பாக்கிற மாதிரி ஒவ்வொண்ணையும் திருகிப் பாத்துட்டுத்தான் வாங்குதான். கையால திருகாதேன்னு போர்டு எழுதி வச்சும் கேக்க மாட்டான். வீட்ல இருக்கவன் மட்டும் சும்மா இருப்பானா?”

சுனிதாவுக்குக் கோபம் இன்னும் ஏறியது. அவளிடம் போய் இதைச் சொல்கிறாரே! ஒரு மோட்டாரைத் தேர்ந்தெடுக்க அவள் அரை நாள் எடுத்துக்கொள்வாள். டெஸ்டரில் மாட்டி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஐம்பது தடவை ஓட்டுவாள். சும்மா நிற்கும்போது காதருகே பிடித்துக் கேட்பாள், முணுமுணுத்தால் வேண்டாம். அரைக்கிலோ படிக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பத்து நிமிஷம் கழித்து மோட்டாரின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பாள், சுட்டால் வேண்டாம். மூடியைத் திறந்து, உள்ளே எல்லாப் பல்லும் உலோகமா, மேலே ஒன்று மட்டும் பித்தளை வைத்து அடியில் பிளாஸ்டிக் கலந்திருக்கிறார்களா என்று பார்ப்பாள்.

அன்றும் அப்படித்தான் பார்த்தாள். தட்டில் மூன்று இருந்தன. ஒன்று முணுமுணுத்தது. ஒன்று சுட்டது. மூன்றாவது வாயைத் திறக்காமல் படிக்கல்லைத் தூக்கிக்கொண்டு நின்றது.

“நீ கேக்கற மாதிரி இதுதான் கடைசி,” என்றார் இஸ்மாயில். “அடுத்த சரக்கு மாசக் கடைசியிலதான். இதையும் ஒடச்சிட்டு என் வாசல்ல வந்து நிக்காதே.”

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அவள் காக்கநாட்டில் இருக்க வேண்டும். கல்லூரி லேப்களுக்குப் பயிற்சிக் கருவிகள் செய்கிற ஒரு கம்பெனி. சுனிதா பாலிடெக்னிக் முடித்து மூன்று வருஷமாகப் பள்ளுருத்தியில் மொபைல் ரிப்பேர் கடையில் மூக்குக் கண்ணாடியும் சால்டரிங் அயர்னுமாகக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் சொந்தமாகச் செய்த இயந்திரக் கையின் போட்டோவைப் பார்த்துவிட்டு, எடுத்துக்கொண்டு வா என்று கூப்பிட்டிருக்கிறார்கள். பட்டன் அமுக்கினால் முழங்கை மேலே எழ வேண்டும், ஐந்து விரலும் மடங்கி ஒரு டம்ளரைப் பிடிக்க வேண்டும். எழுந்தால் மேஜையும் நாற்காலியும் சம்பளமும். எழாவிட்டால் மறுபடி பள்ளுருத்தி.

அன்று சாயங்காலமே மோட்டாரைப் பொருத்தினாள். கை எழுந்தது, டம்ளரைப் பிடித்தது, தண்ணீர் சிந்தவில்லை. அப்பா தங்கப்பன் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தார்; பெற்ற பிள்ளை முதன்முதலில் நடந்தபோதுகூட அப்படிச் சிரித்திருக்க மாட்டார். அவர் முனிசிபல் துப்புரவுத் தொழிலாளி. அவருடைய அப்பாவும் அதே வேலைக்குத்தான் திருநெல்வேலியிலிருந்து கொச்சிக்கு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மொபைல் கடை முதலாளிக்கு ஏதோ கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. பதினொரு மணிக்கே ஷட்டரை இழுத்துவிட்டார். பஸ் பிடித்து வந்து, துப்புரவுத் தொழிலாளர் குவார்ட்டர்ஸ் சந்துக்குள் திரும்பிய சுனிதா தன் வீட்டு வாசலில் செருப்புக் குவியலைப் பார்த்து பயந்துபோனாள். செத்த வீட்டில்தான் அத்தனை செருப்பு கிடக்கும்.

“பேடிக்காதே பிள்ளே,” என்றாள் பக்கத்து வீட்டு வீரலட்சுமி. “எல்லாம் உன் மெஷினப் பாக்க வந்தவங்க. எல்லா ஞாயித்துக்கிழமையும் நடக்கறதுதான், உனக்குத் தெரியாதா? நீ வேலைக்குப் போனதும் உங்கப்பன் ஆளக் கூட்டிட்டு வந்திருவாரு. நான்கூட ரெண்டு தடவ கை குடுத்தேன்.”

“கை குடுத்தியா?”

“எல்லாரும் அதுக்குக் கை குடுத்துட்டுத்தானே போறாங்க.”

சுனிதா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். அப்பா துவைத்த வெள்ளைச் சட்டையில் மேஜையருகே நின்றுகொண்டிருந்தார். அவருடைய சூப்பர்வைசர் சசிதரன் அவள் செய்த கையைத் தன் கையால் இறுக்கிப் பிடித்து, தேர்தலில் ஜெயித்தவனுக்குக் கொடுக்கிற மாதிரி மேலும் கீழும் குலுக்கிக்கொண்டிருந்தார்.

“தொடாதீங்க!”

கறுக்கென்று ஒரு சத்தம். முழங்கை தொய்ந்து மேஜையில் விழுந்தது.

சுனிதா பட்டனை அமுக்கினாள். உள்ளே மோட்டார் வீணாகச் சுற்றியது, கை அசையவில்லை. அப்பா பக்கம் திரும்பினாள்.

“நீதானாப்பா? மூணையும் கொன்னது நீதானா? இதுக்காக நான் அந்த பாயைக் கடையில வச்சு, நாலு பேர் முன்னால ஏமாத்துக்காரன்னு சொன்னேனே! நாளைக்கு நான் எதைக் கொண்டுபோய்க் காட்டட்டும், உன் வெள்ளைச் சட்டையையா?”

தங்கப்பன் மேஜையில் தொய்ந்து கிடந்த கையைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார். “எனக்கறியாது மோளே. கைன்னா குடுக்கறதுக்குத்தானேன்னு… வர்றவங்க ஆசையா கேட்டாங்க. சந்துக்கு வெளிய, ரோட்டு மேல வீடு இருக்கவங்க ஒருத்தரும் நம்ம வீட்டுக்குள்ள வந்ததில்லல்ல. இதுக்காக வந்தாங்க.”

“ஒரு பொம்மைக்கு எதுக்கு இத்தற பகளம், இத்தனை ரகளை?” என்றார் சசிதரன், தொழிலாளிகளை வேலை ஏவிப் பழகிய தமிழில். கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். அவருக்கு அம்மா வைத்த சாயா மேஜை ஓரத்தில் ஏடு படிந்து கிடந்தது. ரோட்டு மேலிருந்து வந்த மற்ற இருவருடைய கிளாஸ்களும் அப்படியேதான் இருந்தன.

தங்கப்பன் பதறிப்போய்ப் பின்னால் ஓடினார். “சாரே, பிள்ளை பேசினதை மனசில வைக்கண்டா,” என்று, அந்த நேரத்துக் குழப்பத்தில் கையை நீட்டினார். சசிதரன் அந்தக் கையைப் பார்த்தார். ஓர் அடி பின்னால் நகர்ந்து, இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டார்.

சுனிதா அதைப் பார்த்தாள். அதுவரை அப்பா மேல் கொதித்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அதைவிடப் பழைய கோபம் ஒன்று அவள் வயதைவிட மூத்ததாய் எழுந்து வந்தது. வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“பிளாஸ்டிக் கையை ஒடையற வரைக்கும் குலுக்கினீங்களே சார். எங்கப்பா கை என்ன செஞ்சது உங்களை?”

வெளியே சளசளத்துக்கொண்டிருந்த கூட்டம் வாசலருகே நெருங்கி வந்தது. வீரலட்சுமி எட்டிப் பார்த்தாள். சசிதரன் சுற்றிலும் பார்த்தார், சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. இத்தனை பேர் நிற்கிறார்கள், என்ன செய்வது? வேறு வழியில்லாமல் வலது கையைப் பாதி நீட்டினார். விரல்கள் மட்டும்தான் நீண்டன, கை உடம்போடு ஒட்டியே இருந்தது.

தங்கப்பன் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வேண்டாம் சாரே,” என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “எனக்கு வேண்டாம். நீங்க ஒடச்சதைத் தந்தாப் போதும்.”

“ஞான் எவிடுந்து தரும்? என் கையில ஏது மோட்டார்?”

“போன மழையில சாரோட மகனோட பொம்மை பிளேன் தோட்டுக்குள்ள, அந்தச் சாக்கடைக் கால்வாய்க்குள்ள விழுந்துச்சு. அந்தக் கறுத்த தண்ணியில கழுத்து வரைக்கும் இறங்கி நான்தான் எடுத்துத் தந்தேன். ரெக்கை பொளந்து கிடந்துச்சு. உள்ள இதே மாதிரி நீலப் பெட்டி ரெண்டு இருந்ததை என் கண்ணால பாத்தேன். அதுல ஒண்ணு வேணும்.”

சசிதரன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். “யார்கிட்டயாவது குடுத்தனுப்பறேன். நாளைக்கு டூட்டிக்கு வருவேல்ல, அப்போ பேசலாம்.”

மிரட்டல்தான். அது எல்லோருக்கும் புரிந்தது, தங்கப்பனுக்கும் புரிந்தது.

“நாளைக்கு டூட்டிக்கு வருவேன். இதுக்கு இப்பவே வர்றோம். அன்னைக்கு பிளேனைக் கொண்டுவந்தப்போ பின்பக்கம் கொல்லையில நிக்க வச்சீங்க. இன்னைக்கு முன்வாசல்ல வருவேன். சார்தான் கதவைத் தொறக்கணும்.”

சசிதரன் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார். சுனிதா டெஸ்டரையும் ஸ்க்ரூடிரைவரையும் பைக்குள் போட்டாள். அப்பாவோடு ரோட்டில் நடக்கும்போது அவர் மேலிருந்த கோபம் அவளுக்குத் திரும்பி வந்தது. “நாலு மோட்டார், அப்பா! அந்த பாய் கால்ல நீதான் வந்து விழணும்,” என்று திட்டிக்கொண்டே வந்தாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

சசிதரன் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் நின்றது, எஞ்சின் சூடு இன்னும் அடங்கவில்லை. ஜன்னல் திரை அசைந்தது. தங்கப்பன் படியேறி அழைப்பு மணியை அமுக்கினார். யாரும் வரவில்லை. மறுபடியும் அமுக்கினார், இந்தத் தடவை விரலை எடுக்கவில்லை. தெரு முழுக்கக் கேட்கும்படி அது அலறிக்கொண்டே இருந்தது.