எழுத்தை மட்டும் மாற்றினால் போதும்

"படம் உங்ககிட்டயே இருக்கும் சார். எழுத்த மட்டும் மாத்துனா போதும்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். நிமிர்ந்து என்று சொல்வதுகூடத் தவறு, அவர் எப்போதும் நிமிர்ந்துதான் இருப்பார். சாய்மானம் இல்லாத முக்காலியில், சட்டையின் மேல் பொத்தானையும் பூட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்தவர் போல உட்கார்ந்து பேனர் கடை நடத்துகிற மனிதர் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். அவருக்குப் பின்னால் ஃபிளெக்ஸ் சுருள்கள் சுவரில் சாய்ந்து நின்றன. மெஷினிலிருந்து வரும் மை வாடை வெயில் ஏற ஏறக் கனத்தது. உள்ளே கணினிக்கு முன்னால் அவருடைய தங்கை, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, யாருடைய கடைத் திறப்பு விழாவுக்கோ ரிப்பன் வரைந்துகொண்டிருந்தாள்.

"எந்தப் படம்?" என்றார் பெரியவர். தெரிந்தேதான் கேட்டார்.

"நம்ம கோச் படம் சார். நம்ம ஃபுட்பால் டீம் மேல் பிரிவுக்கு ஏறுனப்போ நான்தான வந்து அடிச்சேன், ஞாபகம் இல்லியா? 'தாயினும் பெரிது கடமை'ன்னு தங்கக் கலர்ல. மைதானத்துல அது தொங்குனப்போ ஆளாளுக்கு நின்னு போட்டோ எடுத்தாங்க."

ஞாபகம் இல்லாமல் என்ன. அந்தத் தங்க நிறத்துக்கு மஞ்சள் கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்று தானே பக்கத்தில் நின்று சொன்னது அவருக்கு மறக்கவில்லை. அது காய்ந்ததும் யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு தடவை கையால் தடவிப் பார்த்ததும் மறக்கவில்லை.

மருந்துக்கடைக்காரரோடு வந்திருந்த தாடிக்காரன் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்துப் புது வாசகத்தை உரக்கப் படித்தான். "'அம்மாவுக்கே வராதவன் எங்களுக்கா வருவான்?' கீழ ஒரு கேள்விக்குறி, பெருசா. வாசல்லேர்ந்து பாத்தா தெரியணும்."

உள்ளே விசைப்பலகைச் சத்தம் நின்றது.

அணி வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தது. ஊர் முழுக்க அதே பேச்சுதான். கடைக்கு வருகிறவர்கள் வேலை முடியும்வரை நின்ற இடத்திலேயே கோச்சைத் தோலுரித்துத் தொங்கவிட்டார்கள். சிரிக்கத் தெரியாதவன் என்றார்கள். தோற்றாலும் கை கொடுக்க மாட்டான், ஜெயித்தாலும் கொடுக்க மாட்டான், கையை என்ன பேங்க் லாக்கரிலா வைத்திருக்கிறான் என்று ஒருவர் கேட்டார். மைதானத்தில் புல் வெட்டுகிறவனின் மகளுக்குப் படிப்புச் செலவு அவன்தான் பார்க்கிறான் என்று இன்னொருவர் சொன்னால், அதுவும் பெயர் வாங்கத்தான் என்று பதில் வந்தது. ஏறுகிற காலத்தில் அவனைப் பாறை என்றார்கள். அதே வாய்தான் இப்போது கல்நெஞ்சன் என்றது. பெரியவர் எல்லாவற்றையும் முக்காலியில் உட்கார்ந்தபடி கேட்டார். கோச் தன் தம்பி என்று அவர் எவரிடமும் சொன்னதில்லை. தம்பி பேரை விற்றுப் பிழைக்கிற வயிறு இந்த வீட்டில் இல்லை என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கு இத்தனை அலுப்பைக் கொண்டுவரும் என்று அப்போது தெரியவில்லை.

"தாய் தகப்பன இழுத்து எழுதுறத இந்தக் கடையில அடிக்கிறதில்ல" என்றார்.

தாடிக்காரன் சிரித்தான். "அய்யா, நாங்க அவங்கம்மாவ எங்க திட்டுனோம்? அந்தம்மா பக்கம்தான பேசுறோம்! பாவம், பெத்தவ செத்துக் கெடக்குறா, இவரு விசிலக் கடிச்சிக்கிட்டுக் கோட்டோரமா நிக்கிறாரு. இத யாராவது கேக்க வேணாமா?"

"விசில் நடுவர்கிட்ட இருக்கும்" என்றார் பெரியவர்.

"ஏதோ ஒண்ணு. நின்னாரா இல்லியா?"

நின்றான். அதில் பொய் இல்லை.

அன்று காலையில், கிராமத்து வீட்டில், அம்மா போனாள். பக்கத்து அறையில் தங்கை கைப்பேசியை எடுத்துத் தம்பியின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள். "வைம்மா போன" என்றார் பெரியவர். ஆட்டம் வெகுதூரத்து ஊரில், சாயங்காலம். ஜெயித்தால் மேல் பிரிவு. அதற்கு முன்பு இரண்டு அணிகள் அவனைப் பாதியில் துரத்தியிருந்தன. உருப்படாதவன் என்று சொந்தக்காரர்களே முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். அந்தச் சொல் அவன் மேல் மட்டுமா விழுந்தது, வீட்டின் மேலேயே விழுந்தது. இன்று ஒரு நாள் அவன் நின்று ஜெயித்துவிட்டால் எல்லார் வாயும் அடையும். முடிந்ததும் நானே சொல்கிறேன், மூத்தவன் சொல்ல வேண்டிய விதத்தில் சொல்கிறேன் என்று நினைத்தார். வெயில் கடுமையாக இருந்தது, உடலை வைத்திருக்க முடியாது என்றார்கள். அடக்கத்துக்கு நேரம் குறித்தவரும் அவர்தான். எல்லாவற்றையும் அவரே தீர்மானித்தார். அந்த வீட்டில் தீர்மானிப்பதற்கு வேறு ஆள் இருந்ததில்லை.

ஆனால் அவர் சொல்வதற்கு முன்னால் ஊர் சொல்லிவிட்டது. ஆட்டம் முடிந்து, ஜெயித்த கையோடு, வியர்வை காயாமல் தம்பி நிருபர்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான். முதல் கேள்வியே அதுதான். "காலையில உங்க அம்மா தவறிட்டாங்க. அந்தத் துக்கத்தோடயா இங்க நின்னீங்க?"

ஊரே பார்த்த வீடியோ அது. கேள்வி முடிந்ததும் தம்பி அசையாமல் இருக்கிறான். ஒரு மூச்சு நேரம். அப்புறம், "ஆமா. ஆட்டம் இருந்துச்சு" என்கிறான். அவ்வளவுதான். கண் கலங்கவில்லை பார், ஆம்பளை என்றார்கள் அப்போது. கண் கலங்கவில்லை பார், மனுஷனா இவன் என்றார்கள் இப்போது. பெரியவர் அதைப் பார்த்த தடவைகளுக்கு அளவில்லை. அவருக்கு மட்டும் அந்த மூச்சு நேரம் வேறாகத் தெரியும். தாய் செத்ததை ஒருவன் காதால் கேட்கிற நேரம் அது. கேட்டு, அண்ணன் சொல்லவில்லை என்பதையும் அதே நொடியில் புரிந்துகொண்டு, வீட்டு விஷயம் தெருவுக்குப் போகக் கூடாது என்று அண்ணன் சின்ன வயதிலிருந்து அடித்து வளர்த்த பாடத்தை ஒப்பித்த நேரம்.

அன்று ராத்திரி வந்தான். மூடிய மண்ணைத்தான் பார்த்தான். எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை வந்தான். டீ குடித்தான், தங்கையின் முட்டி வலியை விசாரித்தான், போய்வருகிறேன் என்றான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருந்தால் பெரியவரிடம் பதில் தயாராக இருந்தது. நாலு விதமாக வைத்திருந்தார். கேட்கவே இல்லை. பதில்கள் உள்ளேயே கிடந்து புளித்துப்போயின.

"என்ன சார் யோசனை?" என்றார் மருந்துக்கடைக்காரர். "நீங்க அடிக்கலன்னா அடுத்த தெருவுல அடிப்பான். பழைய ஃபைல் இங்க இருக்கேன்னுதான் வந்தேன்."

"அண்ணே" என்று உள்ளேயிருந்து தங்கை கூப்பிட்டாள். அவள் குரல் உயரவில்லை. "ஃபைல் இருக்கு. எடுத்துட்டேன்."

திரையில் தம்பியின் முகம் முழுசாக நின்றது. அந்த வீடியோவிலிருந்து, அந்த மூச்சு நேரத்திலிருந்து பிடித்து எடுத்த படம். கீழே தங்க எழுத்துகள். தங்கை மவுஸின் மேல் கை வைத்தபடி அண்ணனைப் பார்த்தாள்.

"அன்னைக்கு போன வைன்னீங்க, வெச்சேன். இன்னைக்கு இத அடின்னாலும் அடிக்கிறேன். ஆனா நீங்க உங்க வாயால சொல்லணும்."

மருந்துக்கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணனையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். பெரியவர் முக்காலியிலிருந்து எழுந்தார். எழுந்த பிறகு எதற்கு எழுந்தோம் என்று அவருக்கே புரியவில்லை. இந்த வீட்டு மானம் என்று எதை இத்தனை நாள் கட்டிக் காத்தோமோ, அது தம்பி சம்பளமில்லாமல் சுமந்த மூட்டை என்பது அந்த இடத்தில் நின்றபோது உறைத்தது. இரண்டு அந்நியர்களுக்கு முன்னால் சொல்வதா? ஆனால் சொல்லாமல் இருக்கவும் உடம்பில் தெம்பு இல்லை.

"அவன் வராம இல்ல" என்றார். "அவனுக்குத் தெரியாது."

"யாருக்கு?"

"கோச்சுக்கு. ஆட்டம் முடியிற வரைக்கும் அவனுக்கு யாரும் சொல்லல."

தாடிக்காரன் கொக்கரித்தான். "ஆஹா, நல்லா இருக்கே கதை! உங்களுக்கு எப்படிய்யா தெரியும்? நீங்க என்ன அவரு வீட்டுக் கூரையிலயா உக்காந்திருந்தீங்க?"

"சொல்ல விடாதவன் நான்தான். நான் அவனுக்கு மூத்தவன்."

"செத்தது எங்கம்மா" என்றாள் தங்கை, திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமல்.

மருந்துக்கடைக்காரர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார். மூன்று முகத்திலும் அதே நெற்றி, அதே இறுகிய தாடை. இத்தனை தடவை கடைக்கு வந்தும் கண்ணில் படாத ஜாடை.

"அப்ப அந்த 'ஆமா'?" என்றார் மெதுவாக.

"அந்தக் கேள்வியிலதான் அவனுக்கே தெரிஞ்சுது."

சொன்னால் மன்னிப்பார்கள், தம்பியின் பெயர் துடைத்ததுபோல் ஆகும் என்றுதான் பெரியவர் நினைத்திருந்தார். அப்படி ஒன்றும் மருந்துக்கடைக்காரர் முகத்தில் இல்லை. அவர் பக்கத்துச் சுருளைப் பிடித்துக்கொண்டார். பையைத் தொலைத்தவன்போல் இருந்தார்.

"எங்கப்பா ஆஸ்பத்திரியில கெடந்தாரு சார்" என்றார். "அந்த வீடியோ வந்த கொஞ்ச நாள்ல. என் பொண்டாட்டி வா வான்னு கூப்பிடுறா. நான் கடையத் தொறந்து வெச்சி மாத்திரை வித்துக்கிட்டு இருந்தேன். கோச்சே நின்னாரே, நமக்கு என்னன்னு. அவளுக்கு அந்த வீடியோவப் போட்டுக் காட்டுனேன். மனுசன்னா இப்படி இருக்கணும்டின்னு." சுருளின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். "நான் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

பெரியவர் திரையைப் பார்த்தார். தன் வீட்டுக்குள் அடக்கம் செய்ததாக நினைத்த ஒன்று யார் யார் வீட்டுக்கெல்லாம் போயிருக்கிறது!

தாடிக்காரனுக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. "அப்ப தெரியாமயே நின்னுட்டு, தெரிஞ்ச மாதிரி ஆமான்னு சொல்லிப் பேர் வாங்கியிருக்காரு. அது இன்னும் மோசம்ணே! 'பொய்க்கார கோச்சே போய்விடு'ன்னு போடுவோம். எதுகை மோனையோட அமையுது."

"வாய மூடுறியா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"நான் என்னத்த தப்பாச் சொன்னேன்?"

"தப்பு ஒண்ணும் இல்ல. மூடு."

அவர் திரைக்கு அருகே போய்க் குனிந்து நின்றார். வெகுநேரம் பார்த்தார். தான் காசு கொடுத்துத் தொங்கவிட்ட படத்தை இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் இருந்தது அது.

"எழுத்து வேணாம்மா" என்றார் தங்கையிடம். "எல்லாத்தையும் எடுத்துருங்க. படம் மட்டும் அடிங்க. அதே அளவு."

"எழுத்தே இல்லாம என்ன பேனருண்ணே?" என்றான் தாடிக்காரன். "பாக்குறவன் என்னன்னு நெனப்பான்?"

"அவனவன் நெனக்கிறத நெனச்சிக்கட்டும். இதுவரைக்கும் என்ன பண்ணானாம்?"

சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு மருந்துக்கடைக்காரர் இறங்கிப் போனார். பெரியவரிடம் விடைபெறவில்லை. தாடிக்காரன் பின்னாலேயே ஏதோ வாதாடிக்கொண்டு போனான். அவன் வாய்க்குள் இருக்கிற சேதி இருட்டுவதற்குள் ஊரை ஒரு சுற்று வந்துவிடும். தடுக்க முடியாது. தடுக்க வேண்டும் என்றும் பெரியவருக்குத் தோன்றவில்லை. முக்காலியில் உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுவரில் சாய்ந்தார். முதுகில் ஃபிளெக்ஸ் சுருளின் விளிம்பு குத்தியது.

தங்கை சுருளை மாட்டி மெஷினை ஓட விட்டாள். அச்சுத் தலை இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நடக்கத் தொடங்கியது.

"ஊரு சொல்றதுக்கு முன்னாடி இந்தத் தடவையாவது நீங்க சொல்லிருங்க" என்றாள்.

பெரியவர் கைப்பேசியை எடுத்தார். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டான் என்று நிம்மதியாகிற நேரத்தில் எடுத்தான்.

"சொல்லுங்கண்ணே."

பின்னால் யாரோ பந்தை உதைக்கிற சத்தம். யாரோ யாரையோ திட்டுகிறார்கள்.

"பிராக்டிஸ்ல இருக்கியா?"

"முடியப் போவுது. உடம்பு நல்லாருக்கா? அக்கா எப்படி இருக்கா?"

"இருக்கா. டேய்..." நாலு விதமாக வைத்திருந்ததில் ஒன்றும் கைக்கு அகப்படவில்லை. "கடைக்கு உன் ஆளுங்க வந்தாங்க. பேனர் அடிக்க. நான் சொல்லிட்டேன்டா."

"என்னத்தண்ணே?"

"அம்மா போனது உனக்குத் தெரியாதுன்னு. நான்தான் சொல்ல விடலன்னு."

பந்துச் சத்தம் நின்றுபோனது. அவன் மைதானத்திலிருந்து தள்ளி நடந்திருக்க வேண்டும். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சை அவருக்குத் தெரியும். வீடியோவில் அதற்குச் சத்தம் கிடையாது, அவ்வளவுதான்.

"டேய்" என்றார். "இருக்கியா?"

மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஈரம் காயாத ஃபிளெக்ஸ் மெல்லமெல்லக் கீழே இறங்கி வந்தது. நெற்றி வந்துவிட்டது. புருவம் வந்துவிட்டது. இரண்டு கண்களும் முழுசாக வந்து, வாசல் வெளிச்சத்தில் பளபளவென்று, கலங்கியதுபோலவே மின்னின. தங்கை கீழே குனிந்து ஓரத்தை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்திருந்தாள். பெரியவர் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். வாய் இன்னும் வரவில்லை.