குளிர்ந்துபோன சுவர்

மூன்றாவது நாளாக அவள் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஜில்லென்றிருந்தது.

அந்த மலையூரில் கடை என்று ஒன்று ஏற்பட்டே நான்கு வருடம்தான். அதற்குமுன் ஒரு பிடி மாவுக்கும் கீழே டவுனுக்கு இறங்க வேண்டும். முதலில் மாவு மில் வந்தது. பிறகு அவள் அண்ணன் பேக்கரி போட்டான். பேக்கரி அடுப்பின் சூடு ஏறும் பொதுச் சுவரை நம்பித்தான் இந்தப் பக்கம் அவள் லாண்டரி திறந்தாள். பாதி வருடம் மூடுபனி கவிந்து கிடக்கும் ஊரில் வெயிலை நம்பியா துணி துவைப்பார்கள்?

சுவரோரக் கொடிகளில் புது லாட்ஜின் இருபது படுக்கை விரிப்புகள் கனத்துத் தொங்கின. மூன்று மணிக்கு லாட்ஜ்காரர் வருவார். "இந்த ஒரு தடவை பாப்பேன். சரியில்லேன்னா கீழ டவுனுக்கே அனுப்பிடுவேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். லாட்ஜ் வேலை கை நழுவினால் ஊர்க்காரர்களின் நாலு சட்டையை வைத்துக்கொண்டு கடையை ஓட்ட முடியாது.

பேக்கரிக்குள் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, அடுப்பை மூட்டேன். கால்ல வேணா விழறேன்."

"மில்லுக்காரன் வந்து தப்புன்னு சொல்லட்டும்."

"ரொட்டி சுட வேணாம். சும்மா விறகை எரி."

"காலி அடுப்பை எரிக்க நான் என்ன கிறுக்கனா?"

"மூணு நாளா காலி அடுப்பையே பாத்துட்டு உக்காந்திருக்கறவனை வேற என்னன்னு சொல்றது?"

அவன் வாயை மூடிக்கொண்டான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவன் பேச்சுக்குப் பதில் சொல்லலாம். மௌனத்தோடு யார் மல்லுக்கட்டுவது?

நடந்தது இதுதான். மில்லுக்காரன் மிளகாய் அரைத்த கல்லைத் துடைக்காமல் அண்ணனின் கோதுமையைப் போட்டு அரைத்துவிட்டான். மறுநாள் பன் தின்ற வாத்தியார் கடை வாசலிலேயே கண்ணீர் விட்டார். "உன் பன்னுக்கு உருகாத மனசே இல்லப்பா" என்று ஊரே சிரித்தது. அன்று அணைந்தது அடுப்பு.

தலையில் அடித்துக்கொண்டு மில்லுக்கு நடந்தாள். மில்லுக்காரன் கழுத்தில் துண்டைச் சுற்றி, சிவந்த மூக்கோடு நின்றான்.

"மிளகாய் அரைச்சது நெசம்தான்க்கா. நெடி வந்தா துடைச்சிருப்பேன். பத்து நாளா மூக்கு அடைச்சுக் கிடக்கு, நெடியாவது ஒண்ணாவது! வேணும்னா செஞ்சேன்? நான் ஏன் மன்னிப்புக் கேக்கணும்?"

"ஜலதோஷம் எப்படிப் புடிச்சுது?"

"மில்லுக்கு பெல்ட் வாங்க லாரி மேல உக்காந்து டவுனுக்குப் போனேன்ல, அன்னைக்குத்தான். நீங்க வெளுத்துக் குடுத்த கோட்டு மட்டும் இல்லேன்னா செத்தே போயிருப்பேன்."

அவள் பார்வை அவன் சிவந்த மூக்கில் போய் நின்றது.

அந்தக் கோட்டின் தடித்த உள்துணி அன்று சூடான சுவரிலும் காயவே இல்லை. மேலே இஸ்திரியை அழுத்தித் தேய்த்து, சூட்டோடு மடித்துக் கொடுத்தாள். சூடான துணியைக் காய்ந்ததென்றே எல்லோரும் நம்புவார்கள். ஆறுவதற்குள் ஆள் தெருமுனை தாண்டியிருப்பான். இத்தனை நாளும் அதைச் சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தாள்.

"கோட்டு ஈரம்ப்பா" என்றாள். "தெரிஞ்சேதான் குடுத்தேன்."

அவன் நீளமாக ஒரு தும்மல் போட்டான். "நல்லா இருக்கே கதை! நான் உங்களை வாழ்த்திக்கிட்டே குளிர்ல நடுங்கியிருக்கேன்."

"திட்டறதை வழியில திட்டு. இப்போ வா."

அண்ணனிடம் அவளே சொன்னாள். மில்லுக்காரனும், "கண்ணால பாத்தாவது துடைச்சிருக்கணும், தப்புதான்" என்றான். அண்ணன் தீப்பெட்டியை எடுத்தான்; மில்லுக்காரன் புது மாவைப் பிசைய உட்கார்ந்தான்.

மூன்று மணிக்குள் பதினான்கு விரிப்புகள் காய்ந்தன. ஆறின் ஓரங்கள் மட்டும் சதசதவென்றிருந்தன. இஸ்திரிப் பெட்டி கனன்றுகொண்டிருந்தது. ஒரு விரிப்பைப் பலகைமேல் போட்டுக் கைப்பிடியைப் பிடித்தாள். வாசலில் லாட்ஜ்காரரின் செருப்புச் சத்தம். பெட்டியை ஓரமாக வைத்தாள்.

"பதினாலுதான் இருக்கு. மீதி?"

"ஈரம். நாளைக்குத்தான் தர முடியும்."

"பாத்தா காஞ்ச மாதிரிதானே இருக்கு?"

"பாத்தா அப்படித்தான் இருக்கும்."

அவர் காய்ந்த மடிப்புகளுக்குள் கையை நுழைத்தார். ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல்.

"சொல்லாம குடுத்திருந்தா ராத்திரி ஆறு ரூம்காரங்களும் என் கழுத்தைப் புடிச்சிருப்பாங்க" என்றார் கடைசியில். "நாளைக்கு நானே வரேன். அடுத்த மூட்டையும் கொண்டாரேன்."

அவர் படி இறங்கிய அதே நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தும்மல் வெடித்தது. தொடர்ந்து அண்ணனின் அலறல்: "பிசைஞ்ச மாவுலயாடா தும்முவே?"

அவள் இரண்டு கைகளாலும் சுவரைத் தட்டினாள்.

"அண்ணே! அவனை என்ன வேணா பண்ணிக்கோ! அடுப்பை மட்டும் அணைச்சிடாதே!"