தூங்காத வரிகள்

மேசைமேல் இருந்த மருந்துப் பாட்டில்கள், மாத்திரை அட்டைகள், தண்ணீர் டம்ளர் எல்லாவற்றையும் இரண்டு கையாலும் வழித்து வாளிக்குள் தள்ளினார் தையல்காரர். லேப்டாப் வைக்க இடம் வேண்டும். முன்னறையில் அவர் மனைவியைக் கிடத்தியிருந்தார்கள். விடியற்காலையில் உயிர் போனதிலிருந்து ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். இவரோ படுக்கையறையில் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கதவோரம் நின்ற அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"டேய், உனக்கு என்ன புத்தி கித்தி பிசகிடுச்சா? அவ அங்க கெடக்கறா. நீ இங்க மீட்டிங்குக்கு மேசை போட்டுக்கிட்டிருக்க. வந்தவங்க என்ன நினைப்பாங்க?"

"நினைச்சுட்டுப் போகட்டும்ணா. பதினொன்றரைக்குக் கூப்பிடுவாங்க. அரை மணி நேரம்தான். அதுக்கப்புறம் நீ உக்காருன்னா உக்கார்றேன், எந்திரின்னா எந்திரிக்கிறேன்."

"தள்ளிப் போடச் சொல்லேன். அரசாங்கம்னாலும் மனுஷங்கதானே? சாவு வீடுன்னு சொன்னா கேக்க மாட்டாங்களா?"

"அதைத்தான் சொல்லக் கூடாதுன்னுட்டுப் போயிருக்கா."

அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாளியை வாங்கி மூலையில் வைத்தார்.

செத்துப்போனவள் ஒரு கல்லூரியின் தலைமை நூலகர். கீழ்த்தளத்தில் பழைய புத்தகமும் பத்திரிகையும் மக்கிப்போய்க் கிடந்தன. எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக் கணினியில் ஏற்றி வைத்திருந்தாள். ஏற்றினால் மட்டும் போதுமா? படத்துக்குள் இருக்கும் சொல்லைத் தேட முடியாது. மங்கின அச்சைக் கணினியே படிக்கும்படி பழக்க வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், இயந்திரம் வேண்டும். அரசாங்கம் மின்நூலக ஆராய்ச்சிக்கென்று நிதி கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு மனு போட்டாள். திரும்பி வந்தது. காரணம் என்று ஒரே ஒரு வரி: நோக்கம் தெளிவாக இல்லை.

அன்றைக்கு அவள் குதித்த குதியைப் பார்த்திருக்க வேண்டுமே! "எனக்கா தெளிவில்ல? இவனுங்களுக்குக் கண்ணு தெரியல!" என்று வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தாள். பிறகு தையல் மெஷின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீங்களே கேளுங்க, இதுல என்ன புரியலன்னு" என்று படிக்க ஆரம்பித்தாள். சட்டைக் காலரைக் கையில் பிடித்தபடியே தையல்காரர் தூங்கிப்போனார்.

தோளில் ஓர் அடி விழுந்தது. கேட்டுக்கொண்டுதான் இருந்தேன் என்று காட்ட வேண்டுமே! திடுக்கிட்டு விழித்தவர், "எந்த வரி?" என்றார்.

அவள் கொஞ்ச நேரம் முறைத்தாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அவங்களும் இதே வரியிலதான் தூங்கியிருப்பாங்க" என்று பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள்.

அன்றையிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. எழுதுவாள், படிப்பாள். இவர் சொக்கினால் தட்டுவாள். "எந்த வரி?" என்பார். "இதோ, இந்தக் கழுதை" என்று வெட்டுவாள். அடுத்த மனுவும் திரும்பி வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. அவள் விடவில்லை, இவரும் தூங்காமல் இருக்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் தையல்காரருக்கு இதில் ஒரே பெருமை. "எங்க வீட்ல அரசாங்கத்துக்கே எழுதறாங்க. சரிபார்க்கறது நான்தான்" என்பார். "நீ என்னத்தைச் சரிபார்க்கற?" என்று கேட்டால், "தூங்கிச் சரிபார்க்கறேன்" என்பார்.

நோயில் விழுந்த பிறகுதான் கடைசி மனுவை முடித்தாள். கட்டிலில் சாய்ந்துகொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தாள். இவர் கொட்டக் கொட்ட விழித்திருந்தார். "அடேயப்பா!" என்றாள் அவள். மறுநாளே திட்டத்தின் தலைமைப் பொறுப்பைத் தன் உதவியாளர் பெயருக்கு முறைப்படி மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டாள். நேர்காணலுக்கு அழைப்பு வந்ததும் இவரையும் உதவியாளரையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"என் வியாதியைப் பத்தி அங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. நான் செத்தே போனாலும் சொல்லக் கூடாது. வேலை நல்லா இருந்தா குடுக்கட்டும். ஐயோ பாவம்னு குடுத்தா எனக்கு வேண்டாம்."

அந்த உதவியாளர்தான் இப்போது கட்டிலோரம் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். அலமாரிகளுக்கு நடுவே சத்தமே இல்லாமல் நடப்பாள் என்று அவளுக்குப் பூனை என்று பெயர் வைத்ததே இவர் மனைவிதான். நடைக்குத்தான் சத்தம் இல்லை என்றால் குரலுக்கும் அப்படித்தான். கல்லூரி இன்றைக்குத் துக்கத்துக்காக விடுமுறை விட்டு நூலகத்தையும் பூட்டிவிட்டது. அங்கிருந்து பேச வழியில்லை; தேவையானதெல்லாம் இந்த வீட்டு லேப்டாப்பில்தான் இருந்தது.

"என்னால முடியாதுண்ணா" என்றாள் தையல்காரரிடம். "பேச வேண்டியது நான்தான். ஆனா பக்கத்துல உக்காந்திருப்பேன்னு மேடம் சொன்னாங்க. அந்த தைரியத்துலதான் ஒத்துக்கிட்டேன்."

"சரி, பக்கத்துல அவ இல்ல. எதிர்ல நான் உக்கார்றேன். என்னைப் பார்த்துப் பேசும்மா."

"நீங்க ரெண்டு ராத்திரியா கண்ணு மூடலண்ணா."

"அதனால என்ன? இன்னும் நல்லா சரிபார்ப்பேன்."

அழுகைக்கு நடுவே பூனைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

தையல்காரர் ஒரு முக்காலியை இழுத்து லேப்டாப்புக்குப் பின்னால், திரையில் தெரியாத இடத்தில் போட்டுக்கொண்டார். அண்ணன் கதவைச் சாத்திவிட்டு வெளியே காவலுக்கு நின்றார். திரையில் மூன்று பேர் தோன்றினார்கள். நடுவில் இருந்த பெரியவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு, "ஆரம்பிங்கம்மா" என்றார்.

பயம் வந்தால் பூனைக்குப் பெரிய பெரிய சொல்லாக வரும். "இத்திட்டத்தின் வாயிலாகப் பன்முகத் தரவுக் கட்டமைப்புகளை ஒருங்கிணைத்து, நிலைத்த அணுகுமுறையின் அடிப்படையில்..." என்று மனுவில் இல்லாததையெல்லாம் கூட்டிச் சொல்லிக்கொண்டே போனாள். தையல்காரர் தொடையைக் கிள்ளிப் பார்த்தார். நாக்கைக் கடித்துப் பார்த்தார். பாழாய்ப்போன இமை கேட்டால்தானே! தலை முன்னால் சரிந்தது.

பேச்சு நின்றதும் அவருக்கு விழிப்பு வந்தது. பூனை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'அடப்பாவி, இன்னைக்குமா?' என்று அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் பூனையின் முகத்தில் கோபம் இல்லை. மூச்சை இழுத்து விட்டாள்.

"மன்னிக்கணும் சார். வேற மாதிரி சொல்றேன். எங்க நூலகத்துக்கு ஒரு இன்ஜினியர் வந்தார். முன்ன ஒரு காலத்துல வந்த வெள்ளத்துல தண்ணி எந்தத் தெரு வரைக்கும் ஏறுச்சுன்னு கேட்டார். பாலம் கட்டறதுக்கு. பதில் எங்ககிட்ட இருக்கு, பழைய பத்திரிகையில. எந்தப் பக்கத்துலன்னுதான் தெரியாது. நாள்கணக்கா படம் படமா புரட்டினோம். கிடைக்கறதுக்குள்ள அவர் வேற யாரையோ கேட்டுப் பாலத்தைக் கட்ட ஆரம்பிச்சுட்டார். படம் எடுத்து வச்சா அது ஆல்பம் சார். வெள்ளம்னு தட்டினா அந்தப் பக்கம் வந்து நிக்கணும். அப்பதான் அது நூலகம்."

தையல்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆல்பம் அவர் மனைவி சொன்னது. பாலம் இந்தப் பெண் சேர்த்தது.

அந்த நேரம் பார்த்து முன்னறையில் யாரோ வந்து பெருங்குரலெடுத்து அழுதார்கள். சத்தம் கதவைத் தாண்டி வந்தது. பெரியவர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். "என்னம்மா, அங்க ஏதாவது பிரச்சினையா? வேணும்னா சொல்லுங்க."

பூனை கதவைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை போதும், மூன்று பேரும் எழுந்தே நின்றுவிடுவார்கள். தையல்காரர் முக்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணும் இல்ல சார். வீட்டுக்கு ஆளுங்க வந்திருக்காங்க. நீங்க கேளுங்க."

கதவுக்கு வெளியே அண்ணனின் குரல் கேட்டது. "கொஞ்சம் மெதுவா அழுங்கம்மா. உள்ள என் தம்பி பொண்டாட்டியோட வேலை நடக்குது." தம்பி பொண்டாட்டி என்பதை அண்ணன் அழுத்திச் சொன்னார்.

கேள்விகள் வந்தன. எத்தனை ஆள், எவ்வளவு காலம், செய்து முடித்ததை யாருக்குக் கொடுப்பீர்கள். பூனை ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டுத் தையல்காரரின் கண்ணைப் பார்த்துக்கொண்டாள். கடைசியில் பெரியவர் காகிதங்களைப் புரட்டினார். "இதுக்கு முன்னாடி வந்த மனுக்களையும் நான்தான் படிச்சேன். முதல் மனுவுல மண்டை காய்ஞ்சுது. இதை ஒரே மூச்சுல படிச்சுட்டேன். யார் எழுதினது?"

"எங்க மேடம் சார். எழுதி எழுதி அவங்க வீட்டுக்காரருக்குப் படிச்சுக் காட்டுவாங்க. எந்த வரியில அவர் தூங்கறாரோ அந்த வரியை வெட்டிடுவாங்க. தூங்காத வரிதான் உங்க கையில இருக்கு."

திரையில் மூன்று பேரும் சிரித்தார்கள். "அப்ப அவங்க ரெண்டு பேருக்கும் எங்க நன்றியைச் சொல்லிடுங்க" என்றார் பெரியவர். "முடிவு எழுத்துல பின்னாடி வரும். ஆனா வேலைக்கு ஆள் தேட ஆரம்பிச்சா ஒண்ணும் தப்பில்ல."

திரை அணைந்ததும் பூனை மேசையில் கவிழ்ந்து தேம்பினாள். தையல்காரர் அவள் தலையைத் தொட்டுவிட்டு எழுந்தார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. இன்னாருடைய புருஷன் என்று இன்றைக்கு எந்தத் தெருவிலும் தலையைத் தூக்கி நடக்கலாம் போலிருந்தது.

முன்னறைக்குப் போய் அவள் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்தார். சுற்றியிருந்தவர்கள் வழிவிட்டார்கள். குனிந்து அவள் காதோரம் மெதுவாகச் சொன்னார்.

"ஒரு எடத்துல சொக்கிட்டேன். உன் பூனை உடனே வெட்டிட்டா. பலே கைகாரிதான். செத்ததைச் சொல்லல, நீ சொன்ன மாதிரியே. ஆல்பத்தைச் சொன்னா. பெரியவர் சிரிச்சார்."

இன்னும் ஏதோ சொல்ல வந்தார். சுவரில் முதுகு சாய்ந்தது. கண் தானாக மூடிக்கொண்டது. யாரோ எழுப்பப் போனபோது அண்ணன் கையால் தடுத்துவிட்டார்.

வெயில் சாயத் தொடங்கியதும் வாசலில் வண்டி வந்து நின்றது. அண்ணன் குனிந்து அவர் தோளில் மெல்லத் தட்டினார். "தம்பி, எந்திரிப்பா. நேரமாச்சு."

தையல்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"எந்த வரி?" என்றார்.

அண்ணன் புரியாமல் சுற்றும்முற்றும் பார்த்தார். படுக்கையறை வாசலில் நின்றிருந்த பூனை, லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.